அடித்தகட்டில் ஊறிய எச்சில்

சாப்பிட்டு முடித்த கையோடு இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள், தயவுசெய்து ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன், அது குமட்டும். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது என் வழக்கம். அதனால் எது எத்தனை மணிக்கு நடந்தது என்பதை நிமிஷம் பிசகாமல் சொல்ல முடியும்.

என் பெயர் இசக்கிமணி. தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசையில் வீடு. முன் அறைதான் பட்டறை. பதினாலு வருஷம் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். சீர்க் குடம், தாம்பாளம், டிபன் கேரியர் என்று இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாதிப் பெயர் என் கையால் வெட்டியது. இப்போது பழைய கேமராக்களில் எழுத்தைப் புதுப்பிக்கிறேன். சென்னை, பெங்களூர், கொச்சி என்று பல ஊரில் இருந்தும் பார்சல் வருகிறது.

வேலை இதுதான். பழைய கேமராவில் கம்பெனிப் பெயர், வேக எண், தூர எண் எல்லாம் உலோகத்தில் வெட்டியிருக்கும். பள்ளத்தில் இருந்த வெள்ளைப் பெயிண்ட் உதிர்ந்து அழுக்கு ஏறியிருக்கும். அந்த அழுக்கை நோண்டி எடுக்க வேண்டும். ஊசி ஆகாது, விளிம்பைக் கீறிவிடும். மூங்கிலில் செய்த பல் குத்துகிற குச்சிதான் சரி. பிறகு ஸ்பிரிட்டில் கழுவி, புதுப் பெயிண்ட் பூசி, மேலே வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் பெயிண்ட் நிற்கும். எழுத்து பளிச்சென்று வந்துவிடும்.

அடுத்தவன் அழுக்கு என்றால் எனக்கு ஆகாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டேன். ஓட்டலில் டம்ளரை இரண்டு தடவை கழுவச் சொல்வேன். என் மனைவி முத்துச்செல்வி இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள்.

“ஊரான் விரல் அழுக்கைப் பூரா நோண்டுத கை, பஸ் கம்பியைத் தொட மாட்டேங்கு.”

ஆனால் பாத்திரக் கடையில் பழகிய ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. வெட்டிய கோடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கட்டை விரலில் எச்சில் தொட்டு அதன் மேல் தேய்ப்போம். ஸ்பிரிட் உடனே பறந்துவிடும். தண்ணீர் உருண்டு ஓடிவிடும். எச்சில்தான் பள்ளத்தில் நிற்கும், வெளிச்சத்தில் கோடு மின்னும். பெயர் வெட்டுகிறவன் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் இது. நாக்கு, விரல், தகடு... மறுபடி நாக்கு. கை தானாகப் போகும்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. செவ்வாய்க்கிழமை. காலையில் இருந்தே சாரல். மதியம் 3:25-க்கு ஒரு போலீஸ் ஜீப் வந்து வாசலில் நின்றது. இறங்கி வந்தவள் ஒரு பெண் ஏட்டு, நாற்பது வயது இருக்கும். சட்டையில் பேச்சித்தாய் என்று பெயர். குற்றாலத்தில் சீசன் டியூட்டியாம். பிளாஸ்டிக் பையில் இருந்து ஒரு பழைய யாஷிகாவை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா.

“நம்பரு வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம் அண்ணாச்சி. அடித்தகட்டுல ஒரு பேரு வெட்டியிருக்கு. அதைப் படிக்கணும். அம்புட்டுதான்.”

“யாரு பேரு மேடம்?”

“எங்க அப்பா பேரான்னு பாக்கணும்.”

அவள் அப்பா தங்கசாமி மெயின் அருவிக்கரையில் போட்டோ எடுத்துப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் அங்கே நாற்பது ஐம்பது போட்டோக்காரர்கள். கேமரா மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் பாத்திரக் கடையில் கொடுத்துப் பெயர் வெட்டிக்கொள்வார்கள். 1996 ஜூலையில் ஒரு நாள் கேமராவோடு வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அன்று அருவியில் வெள்ளம். நாலு நாள் தேடினார்கள். ஆளும் கிடைக்கவில்லை, கேமராவும் கிடைக்கவில்லை. பேச்சித்தாய்க்கு அப்போது பதினோரு வயது.

“எங்கம்மை உலகம்மை இன்னும் பொட்டும் பூவுமாத்தான் இருக்கா. செத்ததுக்கு ஒரு அடையாளம் காட்டு, அப்பம் எள்ளு இறைக்கேங்கா. நானும் எங்கன யாஷிகா கிடந்தாலும் வாங்கிப் பாக்கேன். இது செங்கோட்டையில பழைய சாமான் கடையில கிடந்துச்சு. பதினோராவது கேமரா.”

அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோயாம். டாக்டர் இரண்டு மாதம்தான் கெடு சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் அமாவாசை. அதை விட்டால் அந்த அம்மாவுக்கு இன்னொரு ஆடி அமாவாசை கிடையாது.

“ஏழு மணிக்கு வாரேன். முடியுமா அண்ணாச்சி?”

முடியும் என்றேன். தகட்டைச் சாய்த்துப் பார்த்தேன். முதலில் ஒரு ‘த’ மாதிரி வளைவு. அதற்குப் பிறகு கறுப்பாக ஒரு கோடு. கீழே இரண்டாவது வரியும் அப்படித்தான். தங்கசாமியாகவும் இருக்கலாம், தங்கராஜாகவும் இருக்கலாம், தனசேகராகவும் இருக்கலாம்.

3:50. விளக்கைப் போட்டு, முதல் குச்சியை எடுத்தேன்.

பழைய கேமரா அழுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வியர்வையும் தூசியும் சேர்ந்து காய்ந்து கிடக்கும். குச்சியால் தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். இது உதிரவில்லை. குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரமாக, பழுப்பாக, நூல் மாதிரி இழுபட்டது. சாரல் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்து ஒரு காகிதத்தில் துடைத்தேன்.

4:05. ‘த’ தெரிய ஆரம்பித்தது. என் கை அதன் பழக்கத்தைச் செய்தது. கட்டை விரலில் எச்சில் தொட்டேன், தகட்டில் தேய்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. மறுபடி விரலை நாக்கில் வைத்தேன்.

பொயிலை.

காரமும் கசப்புமாக, ஊறிய பொயிலைச் சாறு. அதற்கு அடியில் ஒரு புளித்த நாற்றம். காலையில் பல் தேய்க்காதவன் முகத்துக்கு நேராக வந்து பேசினால் அடிக்குமே, அதே நாற்றம். நான் வாழ்க்கையில் பொயிலை தொட்டதில்லை. ஓடிப்போய்க் கொல்லையில் வாய் கொப்பளித்தேன். ஏழெட்டுத் தடவை கொப்பளித்தும் நாக்கின் அடியில் அந்தக் காரம் போகவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. எவன் விரல் பட்டதோ, எங்கே கிடந்ததோ, அதைப் போய் நக்கியிருக்கிறேனே என்று.

4:20. உட்கார்ந்து மறுபடி நோண்டினேன். இனி எச்சில் கிடையாது, ஸ்பிரிட் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று எடுத்த படம் எதையும் நான் பேச்சித்தாய்க்கு அனுப்பவில்லை. 4:40-க்கு எடுத்த படத்தில் காகிதம் தெளிவாக இருக்கிறது. அதன் மேல் நெல்லிக்காய் அளவுக்கு அழுக்குக் குவியல். ஒரு எழுத்தின் பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்கும்? தலைமுடி கனம்தான். ஒரு கேமரா முழுவதையும் நோண்டினால்கூட ஒரு கடுகு அளவு வராது. நான் நோண்டியது மூன்று எழுத்து.

குவியலைக் குச்சியால் கிளறினேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உள்ளே ஒரு சோற்றுப் பருக்கை இருந்தது. பாதி மென்றது. சிவப்பு அரிசி, மலையாளத்துப் பக்கம் வடிப்பார்களே, அந்தத் தடித்த அரிசி. இன்னும் ஈரமாக, மெத்தென்று... தொட்டதும் நசுங்கியது.

முப்பது வருஷத்துக் கேமராவில் அன்றைக்குத் தின்ற சோறு.

5:10. முத்துச்செல்வி டீ கொண்டுவந்தாள். உள்ளே கால் வைத்ததும் மூக்கைப் பொத்தினாள்.

“எவன் இங்கன பொயிலையைப் போட்டுத் துப்பிட்டுப் போனான்?”

“யாரும் வரல.”

“பெறகு என்ன இந்த நாத்தம் நாறுது? ஊத்தை வாய் நாத்தம்.” மேஜையைப் பார்த்தாள். “அதைத் தூக்கி வெளிய போடுங்க. சொன்னாக் கேளுங்க.”

“ஏட்டி, அந்தப் பொம்பளை ஏழு மணிக்கு வந்துருவா.”

“வந்தா முடியலன்னு சொல்லுங்க.”

டீயை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் அப்போதே நிறுத்தியிருக்கலாம். நினைப்பு முழுக்க அந்த உலகம்மை மேல்தான். யாரென்றே தெரியாத ஒருத்தி இருபத்தொன்பது வருஷம் தினமும் பூ வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறாள். நான் நாலு எழுத்தை நோண்டினால் அவளுக்கு ஒரு பதில் கிடைக்கும். நாற்றம் பிடித்தது என்பதற்காக முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகட்டை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தேன். பஞ்சால் ஒற்றினேன். காய்ந்தது, நன்றாகப் பார்த்தேன். காய்ந்த தகட்டில்... எழுத்துக்குள் இருந்து ஈரம் ஊறியது. மெதுவாக. ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக் குமிழ்.

எச்சில்.

என்னுடையது இல்லை. நான் விரல் வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி ஊறியது. மூன்றாவது தடவை துடைத்தபோது பஞ்சு சிவப்பாக வந்தது.

5:40. கரண்ட் போனது.

எமர்ஜென்சி விளக்கைப் போட்டேன். மின்விசிறி நின்றதும் அறை அமைதியானது. ஓட்டின் மேல் சாரல் சத்தம் மட்டும். ஒன்பதாவது எழுத்தில் குச்சியை வைத்துக் குத்தினேன்.

“ம்ம்...”

கை நின்றது. கேட்டேன். ஒன்றும் இல்லை. சாரல்தான்.

மறுபடி குத்தினேன்.

“ம்ம்ம்...”

வாயைப் பொத்திக்கொண்டு முனகுகிற சத்தம். வெளியே இருந்து வரவில்லை. உள் அறையில் இருந்தும் வரவில்லை. என் இரண்டு கைக்கும் நடுவில் இருந்து வந்தது.

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் இல்லை, பூச்சி இல்லை, காலி. மூடினேன். தகடு வெதுவெதுப்பாக இருந்தது... காய்ச்சல்காரன் கன்னத்தைத் தொட்ட மாதிரி.

குச்சியை எடுத்தால் சத்தம் இல்லை. வைத்தால் இருந்தது. நாலு தடவை வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

5:55. கடைசி எழுத்து. குச்சியில் ஏதோ கடினமாக இடறியது. நெம்பினேன். ‘டக்’ என்று காகிதத்தில் விழுந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

பல்.

முழுப் பல் இல்லை. உடைந்த துணுக்கு. மஞ்சளாக, ஓரம் கறுத்து, வேர்ப் பக்கம் ரத்தத்தோடு.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். மதியம் தின்றது எல்லாம் வந்தது. கடைசியாக வந்தது பொயிலைச் சாறு. அதை நான் தின்னவில்லை.

6:02. பெயிண்டைத் திறந்தேன். எப்படியாவது முடித்து அந்தச் சனியனை வீட்டை விட்டு அனுப்பினால் போதும் என்றிருந்தது. ஊறுகிற ஈரத்தில் பெயர் இன்னும் படிக்க வரவில்லை. மொத்தமாகப் பூசினால் பெயிண்ட் பிடிக்காது. ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்து, ஊறுவதற்குள் பூசி, வழித்தேன்.

த.

ஒவ்வொரு எழுத்து நிறையும்போதும் முனகல் மாறியது. இப்போது பொத்திய வாய் இல்லை. திறந்த வாய்.

ங்... க...

மூச்சு. ஈரமான மூச்சு. என் மணிக்கட்டில் பட்டது.

சா... மி...

இரண்டாவது வரி.

கு... ற்... றா...



ல...

ம்.

6:20.

சத்தம் நின்றது. தகடு சில்லென்று ஆனது. ஒரே நொடியில். நாற்றமும் இல்லை. ஸ்பிரிட் வாசனையும் பெயிண்ட் வாசனையும்தான் இருந்தது. காகிதத்தைப் பார்த்தேன். குவியல் இல்லை, பருக்கை இல்லை, பல் இல்லை. ஒரு கடுகு அளவுக்குக் காய்ந்த கறுப்புத் தூசி. எந்தக் கேமராவிலும் வருகிற தூசி.

ஏழு மணிக்குப் பேச்சித்தாய் வந்தாள். தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு தகட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தாள். வெள்ளையாக, தெளிவாக இருந்தது. தங்கசாமி, குற்றாலம். அவள் அழவில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். கிழவிக்குக் காது கேட்காதோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா. பேரு இருக்கு. அப்பா பேருதான்.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

“நல்லாப் பாத்தியாட்டி?”

“பாத்தேம்மா.”

“சரி... அப்பம் பூக்காரிகிட்ட, நாளையில இருந்து வேண்டாம்னு சொல்லிரு.”

பேச்சித்தாய் அப்போதுதான் உடைந்தாள். என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்தது எதையும் அவளிடம் நான் சொல்லவில்லை. அப்படி அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது? அமாவாசை அன்று அவளும் அம்மாவும் குற்றாலத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தட்டில் பருக்கையைப் பார்த்தாலே எழுந்துவிடுவேன். நாக்கைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டேன்.

பதினாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, பேச்சித்தாய் மறுபடி வந்தாள். சீருடை இல்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

“புனலூர் பக்கம் ஒரு ஆதரவற்றோர் இல்லம் இருக்கு அண்ணாச்சி. அங்கன இருந்து எங்க ஸ்டேஷனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. செத்துப்போன ஒரு பெரியவரு போட்டோ. சொந்தக்காரங்க இருந்தா வரச்சொல்லி.”

போனில் அந்தப் படத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“எங்க அப்பா.”

“எப்பம் செத்தாராம்?”

“நீங்க பேரை எடுத்துக் குடுத்தியளே, அந்தச் செவ்வாக்கிழமை. சாயங்காலம் ஆறு இருபதுக்கு.”

1996-இல் மழையில் செங்கோட்டை ரோட்டோரம் கிடந்தவரை அந்த இல்லத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தலையில் அடி. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பொயிலைக்கு மட்டும் கையை நீட்டுவாராம். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி நேரத் தூரத்தில், இருபத்தொன்பது வருஷம்.

“மத்தியானம் சோறு தின்னுட்டு நல்லாத்தான் படுத்திருக்காரு. நாலு மணி வாக்குல வாயைப் பொத்திக்கிட்டு முனங்க ஆரம்பிச்சாராம். நர்ஸ் வந்து வாயைத் திறந்து பாத்திருக்கா... ஈறு பூரா குத்துக் குத்தா ரத்தம். குச்சியை விட்டுக் குத்துன மாதிரி. ஒரு பல்லு ஒடைஞ்சிருக்கு. பக்கத்துல யாருமே இல்ல, அவரு கையிலயும் ஒண்ணும் இல்ல.”

மேஜையில் கிடந்த மூங்கில் குச்சிகளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

“ஆறு மணிக்கு மேல பேசியிருக்காரு. இத்தனை வருஷத்துல அதுதான் முத தடவை. ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி நிறுத்தி. பேரும் ஊரும். அதை எழுதி வச்சுத்தான் மெசேஜ் அனுப்பியிருக்காவ. கடைசி எழுத்தைச் சொன்னதும் உசிரு போயிருச்சாம்.”

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நீங்க எத்தனை மணிக்கு வேலையை ஆரம்பிச்சிய அண்ணாச்சி?”

“ஞாபகம் இல்ல தாயி” என்றேன்.

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாகப் போலீஸில் இருக்கிறவள்.

“சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.